தாய்மார்கள் ஆசிரியர்களாகட்டும்!



பிள்ளை கல்லூரி விடுதிக்குச் சென்ற மறுவாரம் வீடு எவ்வளவு அமைதியாகிவிடும் என்பதைப் பிரிட்ஜ்வாட்டர் வட்டாரத் தமிழ்த் தாய்மார்கள் பலர் அறிவர். பதினைந்து, இருபது ஆண்டுகள் பள்ளிப் பேருந்தின் நேரத்தை ஒட்டியே வாழ்ந்தவர்கள் அவர்கள். தாயகத்தில் பொறியியலோ, கணிதமோ, வேதியியலோ பயின்று பட்டம் பெற்றவர்கள். எச்-4 விசாவில் வந்தவர்களுக்கு நெடுங்காலம் பணிபுரியும் உரிமையே இல்லை. 2015 மே 26 முதல்தான், அதுவும் கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் குறிப்பிட்ட நிலையை எட்டியவர்களுக்கு மட்டும், அந்த வாய்ப்புக் கிட்டியது. அதற்குள் கணினித் துறை பலமுறை உருமாறிவிட்டது. "இனி என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்?" என்ற கேள்விக்கு நம் சமூகம் இதுவரை பொறுப்பான விடை சொல்லவில்லை.

ஒரு விடை நம் அருகிலேயே இருக்கிறது. அது பள்ளி ஆசிரியப் பணி.

கல்வியியல் பட்டம் இல்லாதவர்களும் ஆசிரியராவதற்கான மாற்று வழியை, அதாவது 'ஆல்டர்நேட் ரூட்' முறையை, 1980களின் நடுவிலேயே ஏற்படுத்திய மாநிலம் நியூ ஜெர்சி. வெளிநாட்டுப் பட்டத்தை முதலில் மதிப்பீடு செய்து பெறவேண்டும். உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தைக் கற்பிக்க, அப்பாடத்தில் பொதுவாக 30 கிரெடிட் தேவை. இங்கேதான் நம் பொறியாளர்கள் இடறுகிறார்கள். பொறியியல் படிப்பில் கணிதத் தாள்கள் ஒருசில பருவங்களோடு முடிந்துவிடுவதால், கணித ஆசிரியருக்கான கணக்கில் குறை விழும். அக்குறையைச் சமூகக் கல்லூரி வகுப்புகளாலும், உயர்நிலைத் தாள்களை நான்காண்டுக் கல்லூரிகளிலும் படித்து நிரப்பலாம். பின்னர் பாடத்திற்குரிய பிராக்ஸிஸ் தேர்வு, 50 மணி நேர முன்பயிற்சி. தகுதிச் சான்றிதழ் கையில் வந்தபின் பணியில் சேர்ந்து, ஊதியம் பெற்றுக்கொண்டே எஞ்சிய பயிற்சியை முடிக்கலாம். முன்பு தேவைப்பட்ட அடிப்படைத் திறன் தேர்வும் 2025 சனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. விதிகள் மாறக்கூடியவை; விண்ணப்பிக்குமுன் மாநிலக் கல்வித்துறையின் அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். தயக்கம் உள்ளவர்கள் முதலில் மாற்று ஆசிரியராகச் சென்று பார்க்கலாம். அதற்கு 60 கல்லூரிக் கிரெடிட் இருந்தால் போதும்.

வயது ஒரு தடையா? தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு ஆசிரியர் நியமனத்துக்குப் பொதுப் பிரிவினருக்கு 40, ஏனையோருக்கு 45 என வரம்பு விதிக்கப்பட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்று காத்திருந்தோர் எழுப்பிய குரலால் அது படிப்படியாகத் தளர்ந்து, 2023இல் 53, 58 என உயர்ந்தது. அமெரிக்காவிலோ, 40 வயதைக் கடந்தவரை வயதைக் காட்டி ஒதுக்குவதை 1967ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நியூ ஜெர்சி ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுப் பணி உரிமை தருகிறது. நாற்பத்தைந்தில் தொடங்குபவருக்கும் அதற்குப் போதிய காலம் உண்டு. தமக்கென ஓர் ஓய்வூதியம், தம் பெயரில் ஒரு சமூகப் பாதுகாப்புக் கணக்கு என்பவை, மணமுறிவோ கணவரின் மறைவோ வேலையிழப்போ நேரும் வீட்டில் எத்துணைப் பெரிய துணை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் தமிழ்ப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். ஊதியமின்றி வார இறுதிதோறும் எழுத்துக் கற்பித்து, பாடத்திட்டம் வகுத்து, தேர்வுத்தாள் திருத்திய அன்னையரால்தான் அவை நிற்கின்றன. 2016இல் சட்டமான இருமொழி முத்திரையை நியூ ஜெர்சி மாணவர்கள் தமிழுக்காகவும் பெறுகிறார்கள் என்றால், அதன்பின் இவர்களின் உழைப்பு இருக்கிறது. ஆயினும் பணி விண்ணப்பம் எழுதும்போது "பத்தாண்டு இடைவெளி" என்று இவர்களே எழுதிவிடுகிறார்கள். அது இடைவெளி அன்று, அனுபவம்.

எனவே நம் வேண்டுகோள் இது. தமிழ்ச் சங்கங்கள் கலைவிழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கைப் பட்ட மதிப்பீட்டு வழிகாட்டலுக்கும் பிராக்ஸிஸ் படிப்புக் குழுக்களுக்கும் ஒதுக்கட்டும். தமிழ்ப் பள்ளிகள் தம் ஆசிரியர்களுக்கு, கற்பித்த ஆண்டுகளையும் வகுப்புகளையும் குறித்து முறையான சான்றுக் கடிதம் வழங்கட்டும். கணினித் துறையில் பணியாற்றும் நம் போன்ற கணவர்மாருக்கும் ஒரு சொல்: நம் விசாவையும் நம் வேலையையும் சுற்றியே குடும்பத்தின் திசை இதுவரை அமைந்தது. இனி ஈராண்டுகள் மாலைச் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் நாம் ஏற்போம். இதை உதவி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை; இது கடன் தீர்த்தல்.

நம் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில் நம் முகம் உடைய ஆசிரியர் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை உயர, வீட்டில் காத்திருக்கும் திறமை வகுப்பறைக்குச் செல்லட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் ஒற்றுமை!

– ஆசிரியர் குழுவிற்காக, தன்னார்வலர் ஒருவர், பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி