இரக்கத்தால் நெய்த திரை

போரில் சிதைந்து திரும்பும் சிப்பாயின் படம் ஒன்று போதும், அதுவே போர் எதிர்ப்பைச் செய்துவிடும் என்று முற்போக்கு வட்டாரங்களிலும் சிலர் வாதிடுகிறார்கள். முதலாளித்துவப் பத்திரிகை எவ்வளவு வெறியூட்டினாலும், சவப்பெட்டிகள் வந்திறங்கும்போது உண்மையைக் காட்டியே தீரும் என்பது அவர்களது நம்பிக்கை. 1898 இல் நியூயார்க் பத்திரிகைகள் நடந்துகொண்ட விதத்தை அறிந்தவர் எவரும் இந்த நம்பிக்கையை ஏற்க முடியாது.

கியூபாவில் ஸ்பெயினின் படை 1898 ஜூலை 17 அன்று சாண்டியாகோவில் சரணடைந்தது. வென்ற அமெரிக்கப் படையை மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வீழ்த்தின. உடனே வெளியேற்றாவிட்டால் படையே அழியும் என்று தியோடர் ரூஸ்வெல்ட் உள்ளிட்ட அதிகாரிகள் கூட்டாகக் கடிதம் எழுதினர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அது நாளிதழ்களில் வெளியாகி அரசின் மானத்தை வாங்கியது. சிப்பாய்கள் அவசர அவசரமாகக் கப்பலேற்றப்பட்டு, லாங் ஐலண்ட் தீவின் கிழக்குக் கோடியான மோண்டாக்கில் விக்காஃப் என்ற தனிமைப்படுத்தும் முகாமில் இறக்கப்பட்டனர். நகரத்துக்கு நோய் வராமல் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் முகாம் ஆயத்தமாகும் முன்பே கப்பல்கள் வந்துவிட்டன. கூடாரங்கள் போதவில்லை, காய்ச்சல்காரர்கள் வெறுந்தரையில் கிடந்தனர். (மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881 இலேயே சொல்லியிருந்தார். காலனி நாட்டு மருத்துவரின் சொல் வெள்ளை மாளிகையின் காதில் ஏற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.)

நாளிதழில் புகைப்படம் அச்சிடும் நுட்பம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. ஓவியரின் பேனாவே வாசகரின் கண். ஹெர்ஸ்டின் 'ஜர்னல்', புலிட்சரின் 'வேர்ல்டு' ஆகிய ஏடுகள் மோண்டாக்கின் அவலத்தைப் பெரிதாக்கிக் காட்டின. தோழனின் தோளில் சாய்ந்து கப்பலிலிருந்து இறங்கும் எலும்புருவம், தூக்குப்படுக்கைகள், கூடார வாயிலில் குழிவிழுந்த கண்களோடு ஒருவன்: இவை அந்நாளைய சித்திரங்களின் வாடிக்கையான காட்சிகள். நாடு கண்ணீர் விட்டது. பத்திரிகைகளும் விற்றன.

இதே 'ஜர்னல்' அதற்கு முன் என்ன வரைந்தது? 1897 பிப்ரவரியில், ஓர் அமெரிக்கக் கப்பலில் கியூப இளம்பெண் ஒருத்தியை ஸ்பெயின் அதிகாரிகள் ஆடை களைந்து சோதனையிடுவதாக ஃபிரெடரிக் ரெமிங்டன் தீட்டிய படத்தை வெளியிட்டது. சோதனையிட்டவர்கள் பெண்களே என்று அந்தப் பெண்கள் பின்னர் கூறினர். போட்டிப் பத்திரிகையான 'வேர்ல்டு' அந்தப் பொய்யை வெளியிட்டு மகிழ்ந்தது. படத்தை நீ கொடு, போரை நான் தருகிறேன் என்று ஹெர்ஸ்ட் ரெமிங்டனுக்குத் தந்தி அடித்ததாக ஒரு கதை உலவுகிறது. அதற்கு உறுதியான சான்றில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. அச்சேறிய படமே போதிய சாட்சி.

வெறியூட்டியது ஒரு பேனா, கண்ணீர் வரவழைத்தது இன்னொரு பேனா என்று பிரிப்பதற்கில்லை. இரண்டும் ஒரே முதலாளியின் மேசையிலிருந்து வந்தவை. மோண்டாக் படங்கள் எழுப்பிய கோபம் யார் மேல் பாய்ந்தது என்பதைப் பாருங்கள். போர் அமைச்சர் ரஸ்ஸல் ஆல்ஜர் மேல். அவர் திறமையற்றவர் என்பதில் ஐயமில்லை. போர்க்களத்தில் மாண்டவர் 400 பேருக்கும் குறைவு. நோயால் மாண்டவரோ 2,000 பேருக்கும் மேல். அமெரிக்க மண்ணிலிருந்த பயிற்சி முகாம்களில் மட்டும் டைபாய்டு 1,500க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விசாரணைக் குழு அமைந்தது; கெட்டுப்போன மாட்டிறைச்சி பற்றி மாதக்கணக்கில் பேசப்பட்டது; 1899 இல் ஆல்ஜர் பதவி இழந்தார். குற்றவாளிக் கூண்டில் நிர்வாகம் நின்றது. போர் நிற்கவில்லை. இன்னும் நல்ல கூடாரமும் நல்ல இறைச்சியும் கொடுத்து நடத்தியிருந்தால் அந்தக் கொள்ளை நியாயமாகியிருக்கும் என்பதே அந்த இரக்கத்தின் உட்பொருள்.

ரூஸ்வெல்டின் குதிரைப்படை மோண்டாக்கில் கரையிறங்கியது ஆகஸ்ட் 15 அன்று. இரண்டு நாள் முன்புதான் மணிலா அமெரிக்கப் படையிடம் வீழ்ந்திருந்தது. டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தம் பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்குக் கைமாற்றியது. கியூபர்களுக்கோ பிலிப்பைன்ஸ் மக்களுக்கோ அந்த மேசையில் இடமில்லை. 1899 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் விடுதலைப் படையின் மீது போர் தொடங்கியது. மோண்டாக்குக்காக அழுத நாடு மீண்டும் சிப்பாய்களைக் கப்பலேற்றியது. ஏகாதிபத்திய யுகத்தின் தொடக்க அடையாளங்களில் ஒன்றாக இப்போரை லெனின் குறிப்பிட்டது காரணமின்றி அல்ல.

இரக்கமும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பத்திரிகைகளின் செல்லப்பிள்ளை ரூஸ்வெல்டின் படை. அவர் அந்தப் புகழில் ஏறி நவம்பரிலேயே நியூயார்க் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினச் சிப்பாய்களான 24ஆம் காலாட்படையினர் சிபோனேயில் மஞ்சள் காய்ச்சல் மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணினர். கறுப்பர்களுக்கு அந்நோய் வராது என்ற பொய்யான நம்பிக்கை ஆட்சியாளர்களிடம் இருந்தது; வந்தது, இறந்தார்கள். போருக்கு முன் கேலிச்சித்திரங்களில் கண்ணீர் மல்கும் கன்னியாக நின்ற கியூபா, வெற்றிக்குப் பின் அங்கிள் சாமின் பள்ளியில் அடங்காத கரிய குழந்தையாக மாறியது. 1899 ஜனவரியில் 'பக்' இதழ் வெளியிட்ட படத்தைத் தேடிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 மே மாதத்தில் கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகள் இரவெல்லாம் முழங்கின. அது பொய். அதே தொலைக்காட்சிகள் மறுநாள் வீரமரணம் அடைந்தவரின் தாயின் முகத்தை அண்மைக் காட்சியில் நிறுத்தும்போது, உண்மைக்குத் திரும்பிவிட்டன என்று எண்ண வேண்டாம். அந்தத் தாயின் இன்னொரு மகன் அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டுக்கு எடுக்கப்பட்டிருக்கக்கூடும். நால்வரில் ஒருவருக்கு மேல் படையில் நீடிக்க இடமில்லை. வெளியேறுபவருக்கு ஓய்வூதியம் இல்லை. அந்தக் கேள்வியை ஒலிவாங்கி அவளிடம் கேட்பதில்லை.

நம் ஏடுகள் சிப்பாயின் துயரத்தைக் காட்டத்தான் வேண்டும். அவன் விவசாயி வீட்டுப் பிள்ளை, தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஆனால் படத்தின் கீழே இரண்டு வரி எழுத இடமிருக்கிறது: அவனை அனுப்பியது யார், அவன் சென்றதால் எவருடைய கணக்கில் வரவு ஏறியது. 1898 இல் அந்த வரவில் குவாண்டனாமோ விரிகுடாவும் இருந்தது. 1901 இல் பிளாட் திருத்தத்தைக் கியூபாவின் கழுத்தில் கட்டி, 1903 இல் குத்தகை எழுதி வாங்கினார்கள். சோசலிசக் கியூபா திரும்பக் கேட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை.