கேஸ் நிற்குமா?

"செக்‌ஷன் நம்பரைத் தப்பாப் போட்டிருக்கான், கேஸ் நிக்காது." டீக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் சட்ட ஆலோசனைகளில் முதலிடம் இதற்குத்தான். பாதிதான் சரி. பிரிவு எண் மாறிப்போனதற்காக மட்டும் தண்டனை கவிழ்ந்துவிடாது. குற்றச்சாட்டில் இருந்த பிழையால் எதிரி குழம்பினாரா, அதனால் நீதி தவறியதா என்றுதான் மேல்கோர்ட் பார்க்கும். வில்லி ஸ்லேனி வழக்கில் 1955-லேயே உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசிவிட்டது. அது கொலை வழக்கு. டிராஃபிக் கேஸுக்கும் அளவுகோல் அதேதான்.

நோட்டீஸ் தாமதம் வேறு கணக்கு. 2018-ல் லண்டனில் 40 மைல் எல்லைக்குள் 59 மைல் வேகத்தில் போனார் டேவிட் பெக்காம். 14 நாளுக்குள் வர வேண்டிய நோட்டீஸ் ஒரு நாள் பிந்தியதால் தப்பினார். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 209-வது பிரிவிலும், அதிவேகத்துக்கும் அபாயகரமாக ஓட்டுவதற்கும் இதே 14 நாள் கணக்கு உண்டு. அந்த இடத்திலேயே எச்சரித்திருந்தாலோ, 28 நாளுக்குள் சம்மன் கொடுத்திருந்தாலோ நோட்டீஸ் பிந்தியது என்ற வாதம் செல்லாது. எனக்கு இந்த வகைத் தப்பித்தலில் பெரிய மரியாதை இல்லை. வேகமாகப் போனதை அவரே மறுக்கவில்லையே. (செல்போனோடு வண்டி ஓட்டியதற்கு அடுத்த வருடம் ஆறு மாதத் தடை வாங்கினார்.)

எனக்குத் தெரிந்த குட்டியானை ஓட்டுநர் ஒருவரின் கதை அப்படியல்ல. வண்டியை மறித்தபோது பர்ஸ் வீட்டில், போனில் சார்ஜ் இல்லை. லைசென்ஸ் கையில் இல்லாதது 130-வது பிரிவு. முதல் முறை என்றால் 500 ரூபாய்க்குள் முடியும். 15 நாளுக்குள் கொண்டுவந்து காட்டவும் விதியில் இடமுண்டு. ஆனால் அவர் மேல் எழுதப்பட்டதோ 3, 181. லைசென்ஸே எடுக்காமல் ஓட்டியவர்களுக்கானது அது: 5,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாம் நாளே லைசென்ஸோடு ஸ்டேஷனுக்குப் போனார். "கோர்ட்டுல காட்டிக்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்டில் பெட்டி கேஸ் நாள் என்றால் ஒரு ஆளுக்கு அரை நிமிடம். "லைசென்ஸ் இல்லாம ஓட்டினியா?" "ஆமாங்கய்யா." கையில் இல்லை என்பதைத்தான் அவர் ஒப்புக்கொண்டார், லைசென்ஸே கிடையாது என்று தீர்ப்பானது. குற்றச்சாட்டில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. வண்டி நம்பரும் பிரிவு எண்ணும்தான்.

சம்மன் வழக்குகளில் முறைப்படி குற்றச்சாட்டு வனைய வேண்டியதில்லை. ஆனால் என்ன குற்றம் என்ற விவரத்தை எதிரிக்குச் சொல்லியாக வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால், கூடுமானவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 251, 252; 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 274, 275. இவர் பதிவேட்டிலோ அச்சடித்த ஒரே வரி. முன்னே இருந்தவருக்கும் அதே வரி, பின்னே நின்றவருக்கும் அதே வரி.

குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அப்பீல் வழி குறுகல். தண்டனை எவ்வளவு, அது சட்டப்படி சரியா என்பதைத் தாண்டிப் பேச முடியாது. சீராய்வு மனுதான் போட்டார்கள். வக்கீல் ஃபீஸ் அபராதத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அவருக்கு வேறு வழியில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டித் தண்டனை வாங்கியவர் என்று தெரிந்ததும் சரக்கு ஏற்றும் கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. குற்றச்சாட்டு இன்னதென்று புரியாமல் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று செசன்ஸ் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. அபராதத்தைத் திருப்பித் தரவும் உத்தரவு. அதற்குத் தனி மனு, அசல் ரசீதோடு. ரசீதை அவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். பணம் இன்னும் வரவில்லை.