ஆறு சூரர்கள், அரை வயிற்றுச் சாப்பாடு!

ஆறு சூரர்கள் ஒரே படத்தில்! கேட்டாலே ஆசை வரும். 2017 நவம்பரில் வெளிவந்த "ஜஸ்டிஸ் லீக்" என்ற ஹாலிவுட் படத்துக்கு அப்படித்தான் ஓடினார்கள். பலர் முகம் தொங்கத் திரும்பினார்கள்.

கதை சின்னது. மூன்று மாயப் பெட்டிகளைத் தேடி ஓர் அசுரன் பூமிக்கு வருகிறான். பேட்மேன் ஆள் திரட்டுகிறார். செத்துப்போன சூப்பர்மேனையும் எழுப்பிக் கூட்டி வருகிறார்கள். அவர் வந்தார், அசுரன் ஒடுங்கினான். மற்ற ஐந்து பேர் எதற்காம்?

வொண்டர் வுமன் வரும்போது மட்டும் படம் நிமிர்கிறது. சிரிப்புக்குப் பிளாஷ் இருக்கிறார்.

பாவம், சைபார்க்! விபத்தில் உடல் சிதைந்த மகனை, விஞ்ஞானியான தகப்பனார் பாதி இயந்திரமாக்கிப் பிழைக்க வைக்கிறார். மகனோ தகப்பன்மேல் கோபமாக இருக்கிறான். கண் கலங்க வேண்டிய கதை இது ஒன்றுதான். அதைப்போய் வெட்டித் தள்ளிவிட்டார்கள்!

காரணம் உண்டு. டைரக்டர் ஜாக் ஸ்னைடர் தம் மகளைப் பறிகொடுத்தார். 2017 மே மாதம் படத்தைவிட்டு விலகினார். ஜாஸ் வீடன் வந்து புதுக் காட்சிகள் எடுத்தார். படம் 2 மணி நேரமாகச் சுருங்கியது. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதைக் கம்ப்யூட்டரால் அழித்தார்கள். மேலுதடு வீங்கினாற்போல் ஆயிற்று!

துக்கம் நடந்த பிறகாவது வார்னர் கம்பெனி தேதியைத் தள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆறு மாதம் பொறுத்தால் குடியா முழுகிவிடும்?

2021இல் ஸ்னைடரின் படம் 4 மணி நேர நீளத்தில் வந்தது. உட்கார்ந்து பார்க்க இடுப்பு வலிக்கும். ஆனால், அந்தத் தகப்பனும் மகனும் அதில் முழுசாக இருக்கிறார்கள்.