பொன்மனச் செல்வி என்றொரு புளுகு

1867 ஜனவரி 20. நெவாடாவின் வெள்ளிச் சுரங்க ஊரான வர்ஜீனியா சிட்டியில், சாப்பிடக் கூப்பிடப் போன பக்கத்து வீட்டுப் பெண், ஜூலியா புலெட் படுக்கையில் பிணமாகக் கிடப்பதைப் பார்த்தார். யாரோ அடித்து, கழுத்தை நெரித்திருந்தார்கள். நகையும் துணிமணியும் களவு போயிருந்தன. ஜூலியா பாலியல் தொழிலாளி. குடியிருந்தது சின்ன வாடகை வீடு. விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டும் கடன் முழுதாகத் தீரவில்லை.

இவரைத்தான் பின்னால் வந்த கதைக்காரர்கள் மாளிகை விடுதிக்கு எஜமானியாக்கினார்கள். பட்டும் வைரமுமாக வண்டியில் பவனி வந்தாராம். காய்ச்சலில் விழுந்த சுரங்கத் தொழிலாளிகளுக்குத் தன் கையால் பணிவிடை செய்தாராம். 1959இல் 'பொனான்சா' தொலைக்காட்சித் தொடர் அவர் பெயரில் ஒரு கதையே எடுத்தது. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் அவரைக் கௌரவ உறுப்பினராக வைத்திருந்ததும், சவ ஊர்வலத்தில் அணிவகுத்துப் போனதும் மெய். மற்றதெல்லாம் ஜிகினா. பாட்டாளியை முதலாளியாக்கினால்தான் கதை ருசிக்கிறது.

அமெரிக்க மேற்கில் விலைமகளிர் விடுதி நடத்திய பெண்களை, ஆணாதிக்கத்துக்குச் சவால் விட்ட முதல் பெண் தொழிலதிபர்கள், ஊரை வாழவைத்த வள்ளல்கள் என்று கொண்டாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தில் அவர்களுக்குப் பெயர் 'மேடம்'. நம் அலுவலகங்களில் மரியாதைக்குச் சொல்கிற அதே வார்த்தை. இதே தொழிலை ஆண் செய்தால் 'மாமா வேலை' என்று காறித் துப்புகிறோம். பெண் செய்தால் மட்டும் அது சுயமுன்னேற்றமா?

அவர்கள் கெட்டிக்காரிகள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மொன்டானாவின் ஹெலெனா நகரில் 'சிகாகோ ஜோ' என்று பெயரெடுத்த ஜோசஃபின் ஏரி, அயர்லாந்திலிருந்து வந்து சொத்து குவித்தவர். 1885இல் 'ஹர்டி-கர்டி' நடனக் கூடங்களைத் தடைசெய்து சட்டம் வந்தது. ஹர்டி-கர்டி என்பது கையால் சுற்றும் ஒரு வாத்தியம். எங்கள் கூடத்தில் பியானோவும் வயலினும்தானே வாசிக்கிறோம் என்று அவர் தரப்பு வாதாட, ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். படிக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சாமர்த்தியம் யாருடைய உழைப்பை விற்றது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

டென்வரின் மார்க்கெட் தெருவில் 1889இல் ஜென்னி ராஜர்ஸ் எழுப்பிய 'கண்ணாடி மாளிகை'யைப் பற்றி எழுதுகிறவர்கள் கீழ்க்கூடத்துச் சுவர்க் கண்ணாடிகளோடு நின்றுவிடுகிறார்கள். மாடி அறைகளின் கணக்கு வேறு. இந்த மாதிரி விடுதிகளில் பெண்ணின் சம்பாத்தியத்தில் பாதியளவு வீட்டுக்காரிக்குப் போகும். மீதியில் வாரா வாரம் தங்கவும் தின்னவும் பிடித்தம். வாடிக்கையாளர் முன் நிற்கத் தகுந்த கவுன் வேண்டும். அதையும் எஜமானி வழியாகத்தான், அவர் சொன்ன விலைக்கு வாங்கியாக வேண்டும். கடன் தீராமல் வெளியே போக முடியாது. கடன் தீரும்படி யாரும் கணக்கு எழுதுவதில்லை.

வள்ளல்தனத்துக்கு வருவோம். பல ஊர்களில் விடுதிகளிடமிருந்து மாதாமாதம் அபராதம் வசூலித்தார்கள். நகராட்சிக்கு அது நிலையான வருமானம். தொழிலை நிறுத்தச் சொல்லிப் போட்ட அபராதமல்ல, நடத்திக்கொள்ளச் சொல்லி வாங்கிய கப்பம். அந்தப் பணத்தில் ஊர்க் காரியம் நடந்ததற்கு மேடத்தைக் கும்பிடுகிறோம். சால்ட் லேக் சிட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், 1908இல் ஊர்ப் பெரிய மனிதர்களே ஆக்டனிலிருந்து டோரா டோப்ஹாம் என்ற மேடத்தைக் கூட்டிவந்து, மதில் சூழ்ந்த ஒரு வளாகத்தை நடத்த வைத்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகச் சிற்றறைகள். 1911இல் அது மூடப்பட்டது. ஓர் இளம்பெண்ணைத் தொழிலில் தள்ளியதாக டோப்ஹாமுக்கு 18 ஆண்டு தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது.

வேறு வழியில்லாத பெண்கள்தானே அவர்களும் என்பார்கள். சான்பிரான்சிஸ்கோவின் ஆ டாய் அப்படித்தான் தொடங்கினார். தங்கத்தூளுக்குப் பதில் பித்தளைத் தூளைக் கொடுத்து ஏமாற்றியவர்களை நீதிமன்றத்துக்கே இழுத்தவர். கைதட்டலாம். பிறகு அவரும் மேடமானார், சீனத்திலிருந்து பெண்களைத் தருவித்தார்.

அப்படித் தருவிக்கப்பட்ட பெண்கள் எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்பதற்கு 1886ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. கப்பல் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் பட்ட கடனுக்காக ஒரு பெண் நாலரை வருஷம் விடுதியில் உழைக்க வேண்டும். கூலி கிடையாது. 15 நாளுக்கு மேல் நோயில் படுத்தால் கூடுதலாக ஒரு மாதம். கருவுற்றால் கூடுதலாக ஒரு வருஷம். ஓடிப்போனால், தேடிப் பிடித்துக் கொண்டுவரும் செலவும் அவள் தலையில். பத்திரம் எஜமானர் அல்லது எஜமானியிடம் இருக்கும். கீழே அந்தப் பெண்ணின் பெருவிரல் ரேகை.