மாமாவின் கையில் மவுஸ்

கம்பஸ் ப்ராஜெக்டுக்காக ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஒரு கணிப்புச் செய்திருந்தன். காலபோக நெல்லை எப்ப விதைச்சா எத்தனை நாள் தண்ணி தட்டுப்படும் எண்டு மழைத் தரவை வைச்சுக் காட்டும் ஒரு வரைபு. கிளிநொச்சியில் வயல் செய்யிற மாமாவிடம் காட்டினன். “பத்து நாள் பிந்தினா என்ன தம்பி?” எண்டார். கோடுக்குள் போய் எண்ணை மாத்தித் திரும்ப ஓடவிட்டன். “இருபது நாள்?” திரும்பவும் அதே வேலை. மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. எனக்குக் கரைச்சல் எண்டு நினைச்சிருப்பார்.

கோட் எழுதியவர் மட்டும்தான் கேள்வியை மாற்றலாம் என்றால் அந்த நோட்புக் பாதி வேலைதான். இது என் கருத்து.

ஐபைவிட்ஜெட்ஸில் ரெடிமேட் ஸ்லைடர் இருக்குதே எண்டு கேட்பீங்கள். ஓம், ஒரு வரியில் போடலாம். ஆனால் மாமா நாளை 0, 10, 20 எண்டு எண்ணுறதில்லை. புரட்டாசி, ஐப்பசி எண்டுதான் கணக்கு. அவருக்கு வேண்டியது தமிழ் மாதப் பட்டி. அதை நாங்களே செய்யலாம்.

முந்தி இது பெரிய வேலை. பைதனுக்கு ஒரு பொதி, ஜாவாஸ்கிரிப்டுக்கு இன்னொன்று, இரண்டையும் கட்டிச் சேர்க்கிற கருவிகள் வேறு. இப்ப எனிவிட்ஜெட் இருக்கு. ஒரு பைதன் கிளாஸ், அதற்குள் திரையில் வரைகிற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன், இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டிய மதிப்பு எது என்ற குறிப்பு. இவ்வளவுதான். பிரவுசரில் பட்டியை இழுத்தால் பைதனில் எண் மாறும். கணிப்பை அந்த மாற்றத்தோடு இணைத்துவிட்டால் வரைபும் மாறும்.

மாமா மவுஸை வாங்கி நேரே கார்த்திகைக்கு இழுத்தார். வரைபு “தட்டுப்பாடு குறைவு” என்றது. சிரிச்சார். “வெள்ளம் நிக்கிற வயலில ஆர் தம்பி விதைக்கிறது?” நான் தட்டுப்பாட்டை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தன், வெள்ளத்தை விட்டிட்டன். கோடைப் பலமுறை வாசிச்ச எனக்குத் தெரியாத பிழை, இழுத்துப் பார்த்தவருக்கு உடனே தெரிஞ்சுது.

இரண்டு விஷயம் கவனம். பைதன் ஓடாத இடத்தில் பட்டி நகரும், கணக்கு நகராது. அதோட, எந்த இடத்தில் இழுத்து நிறுத்தினீங்கள் எண்டது கோடில் பதியாது. முடிவை எழுதும்போது அந்த மதிப்பையும் ஒரு செல்லில் எழுதி வையுங்கோ.

அடுத்த ப்ராஜெக்டை சேருக்குக் காட்ட முதல், அது ஆரைப்பற்றியதோ அவையின்ர கையில் மவுஸைக் குடுங்கோ.