‘பாதுகாப்பு’ என்னும் சொல்லின் பொருள்மயக்கம்: கல்பாக்கத்தை முன்வைத்து

ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ என வேறுபடும் இரு கருத்துகளுக்கும் இன்றைய தமிழ் ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல்லை வழங்குகிறது. விபத்தும் பழுதும் தீங்காக முற்றாமல் தடுப்பது முன்னது; திருட்டு, தாக்குதல் முதலிய தீநோக்கச் செயல்களைத் தடுப்பது பின்னது. சாலைப் பாதுகாப்பு, எல்லைப் பாதுகாப்பு என்னுமிடத்து அடைமொழியே பொருளைத் தெளிவாக்கிவிடுவதால் குறை தோன்றுவதில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்தில் அத்துணை கைகொடுப்பதில்லை. இருவகை ஏற்பாடும் அங்கு ஒரே வளாகத்தில் உள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நீர் சென்னை அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைப்புக் கூடத்துள் புகுந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு நிறுத்தப்பட்டது. அது ‘சேஃப்டி’. வாயிலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நிற்பது ‘செக்யூரிட்டி’. ‘அணுப் பாதுகாப்பு’ என எழுதுவோர் எதனைக் கருதுகின்றனர்? நிலையத்தைச் சூழ 16 கி.மீ. ஆரத்துக்கு நெருக்கடிக்காலத் திட்டம் வகுக்கப்படுகிறது. மாமல்லபுரமும் மீனவர் குப்பங்கள் பலவும் அதனுள் அடங்கும். ‘பாதுகாப்புக் கருதி இக்கடற்பகுதிக்குள் செல்லற்க’ என ஓர் அறிவிப்பு எழுதப்படின், மீனவருக்கு ஆபத்து என்பது அதன் பொருளா, மீனவரே ஐயத்துக்குரியவர் என்பதா? இதனை வெறும் நடைக்குறை எனத் தள்ளிவிட இயலாது.

சட்டத் தமிழிலும் இதே நிலைதான். கலப்படம் தடுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டமும், மலிவு விலையில் தானியம் பெறும் உரிமையை வழங்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழில் ‘உணவுப் பாதுகாப்பு’ என்றே வழங்குகின்றன.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆயினும் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஸ்பானிய ஆவணங்கள் ‘தொழில்நுட்ப’, ‘புற’ என்னும் அடைகளால் அவற்றைப் பிரித்தெழுதுகின்றன. தமிழுக்கு அடையும் வேண்டுவதில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த உத்திரமேரூரின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைப் பேண ஏரிவாரியத்தைக் குறிக்கின்றன. ஊரைக் காக்கும் பணியையும் அதற்கான வரியையும் சோழர் கல்வெட்டுகள் ‘பாடிகாவல்’ என்கின்றன. உடைப்பைத் தடுப்பதும் கள்வரைத் தடுப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை அக்கால ஊராட்சி அறிந்திருந்தது. ‘காவல்’ இன்றும் வழக்கொழியாத சொல். ‘அணுக் காவல்’ என்பதை எவரும் எளிதில் உணர்வர். அவ்வாறாயின் ‘பாதுகாப்பு’ முன்னதற்கே உரியதாகும். ‘ஏமம்’ என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் என்பாரும் இருக்கலாம். காவல், இன்பம் என இருபொருள் தரும் அச்சொல் மயக்கத்தை மிகுவிக்குமேயன்றிக் குறைக்காது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மட்டும் ‘காவல்’ பொருந்தாது. தானியம் தவறாமல் கிடைப்பதே அதன் நோக்கமாதலின், அங்கு ‘உணவு உறுதி’ என்பதே தகும்.