பன்னீர் திராட்சையும் அமெரிக்க ஒயினும்

தலைப்பைப் பார்த்துவிட்டு "தம்பி கெட்டுப் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். நான் ஒயின் குடித்ததில்லை. பெரம்பலூரில் பி.காம். படிக்கிற ஒருவனுக்கு நாப்பா பள்ளத்தாக்கு ஒயின் கிடைக்கவும் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. எனக்குப் பிடித்தது ஒயின் இல்லை, அதைப் பற்றி எழுதுகிறவர்கள்தான். ஒரு வருடமாக நெட்டில் தேடித் தேடி இதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் எழுதுவதைப் படித்தால் முதலில் சிரிப்புதான் வரும். கலிஃபோர்னியாவின் கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற சிவப்பு ஒயினுக்கு என்ன வர்ணனை தெரியுமா? கருப்பு செர்ரி, சிடார் மரம், புகையிலை, கொஞ்சம் பென்சில் சீவல்! ஷார்டனே என்ற வெள்ளை ஒயினுக்கு வெண்ணெய், பச்சை ஆப்பிள், வனிலா, வறுத்த ரொட்டி. அடப்பாவிகளா, திராட்சை வாசனை எங்கேடா என்று கேட்கத் தோன்றும். கூத்து என்னவென்றால், ருசி பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அதை விழுங்குவதே இல்லை. வாயில் கொப்பளித்துத் துப்பிவிடுகிறார்கள். விழுங்கினால் பத்தாவது கோப்பைக்கு நாக்கும் நிற்காது, ஆளும் நிற்க மாட்டார் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வர்ணனையெல்லாம் பீலாவா, உண்மையா? என் கணக்கில் பாதிக்குப் பாதி.

பீலா என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. பிரான்சின் போர்டோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 பேரிடம் வெள்ளை ஒயினையே வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளால் வர்ணித்துத் தள்ளிவிட்டார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. அமெரிக்காவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற பேராசிரியர், தானே சின்னதாக ஒயினரி நடத்தியவர், கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களைச் சோதித்தார். ஒரே பாட்டில் ஒயினை அவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்தார். 2008-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். அதே 2008-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்று சொன்னபோது பிடித்ததைவிட 90 டாலர் என்று சொன்னபோது அதிகமாகப் பிடித்திருக்கிறது. துணிக்கடையில் விலைச்சீட்டைப் பார்த்தபிறகு துணியின் தரம் உயர்ந்து தெரிகிற அதே கதை.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஷார்டனேயில் வெண்ணெய் வாசனை என்பது வெறும் கற்பனை இல்லை. ஒயினில் இருக்கும் கூர்மையான மாலிக் அமிலத்தை பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகிறது. வெண்ணெய்க்கு அந்த மணம் தருவதும் இதே பொருள்தான். வனிலா, ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருகிறது. சில சிவப்பு ஒயின்களில் குடைமிளகாய் வாசனை வருவதற்கும் பைரசீன் என்ற பொருள் காரணம், குடைமிளகாயிலும் அதுவேதான். சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைக்கிறார்கள். அதனால் நிறமும் டானினும் இறங்குகின்றன. வெள்ளைக்குச் சாற்றைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டு நொதிக்க வைக்கிறார்கள்.

இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த ஆன் நோபிள். 1984-ல் வாசனைச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். "அருமை", "நளினம்" மாதிரியான வார்த்தைகளுக்கு அதில் இடமில்லை. மோந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய பொருள்களின் பெயர் மட்டும்தான். மாணவர்களுக்குச் சொல்லித்தர, சாதாரண ஒயினில் அந்தந்தப் பொருளைக் கொஞ்சம் கலந்து வைத்தால் போதும். கம்பெனிக் கணக்குகளுக்கு எல்லோருக்கும் பொதுவான கணக்கியல் தரம் இருக்கிறதே, நாக்குக்கு அது மாதிரி ஒன்று.

இதில் வியாபாரம் எங்கே வருகிறது? 1970-ல் ஃபிலிப் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் எழுதினார்: சில பொருள்களின் தரம் பார்த்தால் தெரியும், சிலவற்றின் தரம் வாங்கி அனுபவித்தபிறகுதான் தெரியும். இரண்டாவது வகைச் சரக்கை விற்பவனுக்கு, வாங்கும் முன்பே நம்பிக்கை தரும் வார்த்தை வேண்டும். ஒயின் அந்த வகை. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி ஒரு போட்டி வைத்தார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், பாட்டிலின் பெயர் மறைக்கப்பட்டது. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973, வெள்ளையில் ஷாட்டோ மாண்டலீனா 1973 முதலிடம். இரண்டுமே நாப்பா! போட்டிக்கு வந்த பத்திரிகையாளர் ஒரே ஒருவர், டைம் இதழின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதிய சின்னச் செய்திதான் கலிஃபோர்னியாவை உலக வரைபடத்தில் ஏற்றியது. யாரோ ருசி பார்த்தார், யாரோ எழுதினார், ஊருக்கு விலை கிடைத்தது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சர்வதேசப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அமெரிக்காவில் பிளாக் மஸ்கட் என்பார்கள். கலிஃபோர்னியாவின் மடேரா என்ற ஊரில் க்வாடி ஒயினரி இதே ரகத்தில் எலிசியம் என்ற இனிப்பு ஒயின் தயாரிக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்வது ரோஜா மணம். யோசித்துப் பாருங்கள், பன்னீர் என்றால் என்ன? ரோஜா வடித்த நீர்! ரோஜாவிலும் மஸ்கட் திராட்சையிலும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இருக்கிறது. அமெரிக்க விமர்சகர் கோப்பையைச் சுழற்றி, மோந்து, யோசித்து எழுதுவதை நம் ஆட்கள் பழத்துக்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். தள்ளுவண்டிக்காரர் "பன்னீர்ர்ர் திராட்சேய்" என்று கூவும்போதெல்லாம் ஒரு ஒயின் விமர்சனத்தைத்தான் கூவுகிறார் :-)

துவர்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் உலர்ந்து இழுக்கிற உணர்வு. ஆங்கிலத்தில் இதற்கு அகராதி பார்க்க வேண்டிய வார்த்தை. நமக்கு அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்ற எந்தக் குழந்தைக்கும் தெரியும். யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டிய மன்னன் பருகுவதைச் சொல்லும் புறநானூறு 56-ஆம் பாட்டிலேயே அதன் குளிர்ச்சியும் மணமும் பேசப்படுகின்றன. அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. ஆக ருசியைச் சொல்வது நமக்குப் புதிதில்லை.

ஆனால் சந்தையில் அந்த வார்த்தைகளை எங்கே தொலைத்தோம்? பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. என் அப்பாயி ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்தே நம்மூர்ச் சரக்கா வெளியூர்ச் சரக்கா என்று சொல்லிவிடும். வியாபாரி வந்தால் பார்ப்பதெல்லாம் பருமன், காய்ச்சல், நிறம். காரத்துக்கோ மணத்துக்கோ ஒரு ரூபாய் கூடக் கிடையாது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிப் பழம் மரத்தடியில் கிடந்து வீணாவதைப் பார்க்கலாம், கொட்டைக்குத்தான் மரியாதை. கோவாவில் அதே பழத்தில் வடிக்கும் ஃபெனிக்கு 2009-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். பிரான்சின் ஷாம்பேன் பகுதி தன் சுண்ணப்பாறை மண்ணை உலகமெங்கும் விளம்பரம் செய்கிறது. அது கிரெட்டேசியஸ் காலப் பாறை, டைனோசர் இருந்த காலம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அதே காலம்தான். நாம் அதை சிமெண்ட் மூட்டையில் அடைக்கிறோம்.

"வார்த்தை ஏறினால் லாபம் விவசாயிக்கா போகும், இடைத்தரகருக்குத்தானே?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. வார்த்தை மட்டும் போதாது. ஆனால் வார்த்தையே இல்லாதவன் பேரம் பேசவே முடியாது. "என் சரக்கு உசத்தி" என்றால் வியாபாரி சிரிப்பார். "காரம் இத்தனை, துவர்ப்பு இல்லை, மூன்று மாதம் கெடாது" என்று ஊரே சேர்ந்து ஒரே அளவுகோலில் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும். குன்னூர் தேயிலை ஏலத்துக்கு முன் ஆட்கள் உறிஞ்சி ருசித்துத் துப்பி, அதற்கென்று இருக்கும் வார்த்தைகளில்தான் தரம் பிரிக்கிறார்கள். தேயிலைக்கு முடிந்தது வெங்காயத்துக்கு முடியாதா?

இன்னொரு பயமும் உண்டு. ஒயினைப் பற்றிப் பேசினால் குடியை வளர்க்கிறாயா என்பார்கள். 2003-லிருந்து மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கும் ஊரில், அதனால் குடும்பங்கள் படும் பாட்டைத் தெரு முனையில் பார்க்கிறவன் நான். அங்கே யாரும் ருசி பார்ப்பதில்லை, ஒரே மடக்கு. நான் கேட்பது சரக்கை இல்லை. மோந்து, நிதானித்து, சரியான வார்த்தையைத் தேடுகிற அந்தப் பழக்கத்தை. பீலாவைத் தள்ளிவிடலாம், ஆன் நோபிளின் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே மக்களே, ஒரு சின்ன வேலை. அடுத்த முறை வீட்டுக்குப் பன்னீர் திராட்சையோ சின்ன வெங்காயமோ வந்தால் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்படி நல்லாருக்கு என்று மூன்று வார்த்தை எழுதுங்கள். வீட்டில் அப்பாயி இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள், பாதி வார்த்தை அங்கேயே கிடைத்துவிடும்.